நிலையில்லா வருவாயும் நிம்மதியான இல்லமும்



இவ்வுரையைப் படிப்பவர் ஒருவரேயாயினும், எழுதியவர்கள் இருவர். நாங்கள் தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துக் கணவனும் மனைவியும். ஒப்பந்த வேலையை நம்பி நடக்கும் இல்லத்தில் வருவாய் எப்போது வரும் என்பது தெரியாதபோது, இருவரில் ஒருவருக்கு உண்டாகும் அச்சத்தை மற்றவர் எவ்வாறு தாங்குவது என்பதே இன்று நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள். இதில் அஞ்சியவரும் உண்டு. அஞ்ச வைத்தவரும் உண்டு. ஆகவே இருவரும் சேர்ந்து பேசுவதே முறை என்று கருதினோம்.

தில்லித் தமிழரின் வரலாறு ஒரு வகையில் மாதச் சம்பளத்தின் வரலாறு எனலாம். தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றும் அறிவிப்பு 1911-இல் வெளியாயிற்று. புது தில்லி 1931-இல் முறையாகத் திறந்து வைக்கப்பட்டது. அந்நாள் முதல் செயலகத்துக் குமாஸ்தாக்களாகவும், தட்டெழுத்தாளராகவும், கணக்காயராகவும், ஆசிரியராகவும் நம்மவர் வந்துகொண்டே இருந்தனர். 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியது. கரோல் பாக்கிலும் பின்னர் இராமகிருஷ்ணபுரத்திலும் அரசாங்கக் குடியிருப்புகளிலும் வாடகை வீடுகளிலும் வாழ்ந்த அக்குடும்பங்களுக்கு ஆஸ்தி பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் உண்டு; ஓய்வு பெற்றபின் ஓய்வூதியம் உண்டு. மளிகைக் கடன், பள்ளிக் கட்டணம், ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணவிடை ஆகிய யாவும் அந்த ஒரு தேதியைச் சுற்றியே சுழன்றன.

அந்த உலகம் இன்று பெரிதும் மாறிவிட்டது. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில், படைத்துறை நீங்கலாக, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதிய முறை இல்லாமற் போயிற்று. தனியார் துறையிலோ நிரந்தர வேலையின் இடத்தை ஒப்பந்த வேலை மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. முதலாளி-தொழிலாளி என்னும் வழக்கமான உறவுக்கு வெளியே, அவ்வப்போது கிடைக்கும் பணிகளைச் செய்து வாழ்வோர் 2020-21-இல் நாட்டில் சுமார் 77 இலட்சம் பேர் என்றும், 2029-30-இல் அத்தொகை 2 கோடியே 35 இலட்சமாகும் என்றும் நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. தில்லியில் மொழிபெயர்ப்பாளர், படத்தொகுப்பாளர், வரைபடக் கலைஞர், இசை கற்பிப்போர், கணினி வல்லுநர் எனப் பலர் இவ்வாறு வாழ்கின்றனர். நம் பெற்றோர் அறியாத வாழ்க்கை இது. ஆகவே இதற்குரிய பழக்கங்களை அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளவும் இயலவில்லை.

எங்கள் வீட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். எங்களில் கணவர் ஆங்கிலத்திலிருந்தும் இந்தியிலிருந்தும் தமிழில் மொழிபெயர்ப்பவர். பாடநூல், விளம்பரம், மருந்துக் குறிப்பு, திரைப்பட வசனம் என எது வந்தாலும் செய்வார். வேலை குறையவில்லை, கூலிதான் உரிய காலத்தில் வருவதில்லை. ஜூன் மாதம் முடித்துக் கொடுத்த வேலைக்குப் பணம் அக்டோபரில் வருவதுண்டு. ஒரே வாரத்தில் மூன்று தொகைகள் சேர்ந்து வருவதும், பின்னர் எழுபது நாள் ஒன்றும் வராதிருப்பதும் உண்டு. எங்களில் மனைவியோ இராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்தவர். தந்தையார் சம்பளக் கவரைச் சுவாமி படத்தின்முன் வைத்து எடுத்துத் தாயார் கையில் கொடுப்பதைப் பார்த்துப் பழகியவர்.

“அந்தப் பணம் வந்துவிட்டதா?” என்று மனைவி கேட்பார். “வரும்” என்பார் கணவர். மறுநாளும் அதே கேள்வி எழும். நாலாம் நாள் கணவர், “என்மேல் உனக்கு நம்பிக்கையே இல்லையா?” என்று சீறுவார். மனைவி அதன்பின் கேட்பதை விட்டுவிடுவார். ஆனால் உறக்கம் வராது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து, பால் எவ்வளவு, வாடகை எவ்வளவு, குழந்தையின் மூன்று மாதப் பள்ளிக் கட்டணம் எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணுவார். கணவர் விழித்துக்கொண்டே உறங்குவதுபோல் கிடப்பார். இப்படிப் பல மாதம் சென்றது.

ஒரு டிசம்பரில் நிலைமை முற்றிற்று. ஒரு நிறுவனம், பெயர் வேண்டா, ஐந்து மாதப் பாக்கியை நிறுத்திவிட்டது. வீட்டுக்காரருக்கு ஏழாம் தேதிக்குள் வாடகை கொடுக்க வேண்டும். கணவர் மனைவியிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், பெட்டியிலிருந்த இரண்டு வளையல்களை எடுத்துச் சென்று அடகு வைத்தார். பொங்கலுக்கு முன்னாள் மனைவி பெட்டியைத் திறந்தபோது வளையல்கள் இல்லை. அவர் முதலில் எண்ணியது திருட்டு என்று. வீட்டுவேலை செய்யும் பெண்ணின் மீது ஒரு கணம் ஐயுற்றார். அந்த ஒரு கணத்தை இன்றும் அவர் மறக்கவில்லை. கணவர் உண்மையைச் சொன்னபோது, “வளையல் போனதற்கு நான் அழவில்லை, எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றுதான் அழுகிறேன்” என்றார்.

கணவர் மறைத்ததற்குக் காரணம் தீய எண்ணம் அன்று. ‘ஏற்கெனவே அஞ்சுகிறாள், இதையும் சொன்னால் இன்னும் அஞ்சுவாள்’ என்று அவர் எண்ணினார். ஆனால் மறைப்பு அச்சத்தைக் குறைப்பதில்லை. அச்சம் உடையவர் முகத்தைப் படிக்கப் பழகியவர். ஏதோ இருக்கிறது என்பதை உணர்ந்துகொள்வார். என்ன இருக்கிறது என்பது தெரியாதபோது, மிகக் கொடியதையே கற்பனை செய்வார். எங்கள் வீட்டில் அச்சத்தை வளர்த்தது வருமானக் குறைவைவிட அறியாமைதான் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

இவ்விடத்தில் நம் தமிழகத்திலேயே நடந்த ஓர் ஆராய்ச்சியைக் குறிப்பிட விரும்புகிறோம். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்தார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர் 2013-இல் ‘சயன்ஸ்’ என்னும் அறிவியல் இதழில் வெளியிட்ட கட்டுரையில் இது இடம்பெற்றுள்ளது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கரும்பு பயிரிடும் 464 உழவர்களை அவர்கள் ஆராய்ந்தனர். கரும்பு உழவருக்கு வருவாய் ஆண்டில் ஒரு முறை, வெட்டு முடிந்தபின் மொத்தமாக வருகிறது. ஆகவே வெட்டுக்கு முன் கை வறண்டிருக்கும். வெட்டுக்குப் பின் நிறைந்திருக்கும். வெட்டுக்கு முன் நூற்றுக்கு 78 பேர் ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தனர்; பின்னரோ நூற்றுக்கு 4 பேர்தாம். அதே உழவர்களுக்கு இரு காலங்களிலும் அறிவுத் திறனையும் கவனத்தையும் அளக்கும் பயிற்சிகளைக் கொடுத்துப் பார்த்தனர். வெட்டுக்கு முன் அவர்கள் பெற்ற பயன் குறைவாகவும், வெட்டுக்குப் பின் கூடுதலாகவும் இருந்தது. மனிதர் மாறவில்லை. பணத்தைப் பற்றிய கவலை மனத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் மற்றவற்றுக்கு இடம் குறைந்துபோயிற்று என்பதே ஆராய்ச்சியாளர் கண்ட விளக்கம்.

இதைப் படித்தபோது எங்கள் இருவருக்கும் ஓர் ஆறுதல் உண்டாயிற்று. கறிக்கு உப்பு போட மறப்பதும், குழந்தையின்மேல் எரிந்து விழுவதும், கேட்டதையே திரும்பக் கேட்பதும் மனைவியின் குணக்கேடு அல்ல. மொழிபெயர்ப்பில் ஒரு வரி விட்டுப்போவதும், சிறு சொல்லுக்குச் சீறுவதும் கணவரின் குணக்கேடும் அல்ல. வெட்டுக்கு முந்தைய மாதங்களில் நாங்கள் இருவரும் அந்தக் கரும்பு உழவர்களே. ‘நீ ஏன் இப்படி இருக்கிறாய்?’ என்னும் கேள்வியை விட்டு, ‘இந்த மாதங்களை எப்படிக் கடப்பது?’ என்னும் கேள்விக்கு நாங்கள் வந்தது அப்போதுதான்.

இனி, நாங்கள் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, ஒரே கணக்குப் புத்தகம். அதில் மூன்று பத்திகள். ‘கைக்கு வந்தது’ என்பது முதற் பத்தி. ‘வேலை முடிந்து, பட்டியல் அனுப்பியாயிற்று; பணம் வரவில்லை’ என்பது இரண்டாவது. ‘பேச்சளவில் இருப்பது’ என்பது மூன்றாவது. கணவர் முன்பெல்லாம் மூன்றையும் கூட்டி, ‘நாலு இலட்சம் வர வேண்டியிருக்கிறது’ என்று மகிழ்வார். மனைவியோ முதலாவதை மட்டும் பார்த்து, ‘நாலாயிரம்தான் இருக்கிறது’ என்று கலங்குவார். இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவேறு கணக்குகளைப் பார்த்துச் சண்டையிட்டோம். இப்போது செலவுக்கு முதற் பத்தி மட்டுமே, நம்பிக்கைக்கு இரண்டாவது, மூன்றாவதை நாங்கள் கூட்டுவதே இல்லை. வாடிக்கையாளர் கூலியில் நூற்றுக்குப் பத்து வீதம் வரியாகப் பிடித்துக்கொள்வதில், கணக்குத் தாக்கல் செய்தபின் திரும்பி வரக்கூடிய தொகை இருந்தால், அதுவும் வங்கியில் வந்து சேரும்வரை இரண்டாம் பத்தியிலேயே இருக்கும்.

இரண்டாவது, எங்களுக்கு நாங்களே கொடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளம். தொழிலுக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு. கூலி அனைத்தும் தொழிற் கணக்குக்கே செல்லும். அதிலிருந்து மாத முதல் நாள் ஒரு குறிப்பிட்ட தொகை வீட்டுக் கணக்குக்கு வரும். அத்தொகையை எப்படி முடிவு செய்வது? நல்ல ஆண்டைப் பார்க்கலாகாது. குறைந்த ஆண்டைப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, கடந்த சில ஆண்டுகளில் மிகக் குறைந்த ஆண்டின் வரவு ரூ. 9,60,000 என்று கொள்வோம். தொழிற் செலவும் வரியும் ரூ. 1,20,000 போக மீதி ரூ. 8,40,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ரூ. 70,000. அதிலும் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து, ரூ. 63,000-ஐச் சம்பளமாகக் கொள்ளலாம். ஒரே மாதத்தில் இரண்டு இலட்சம் வந்தாலும் வீட்டுக்கு அதே தொகைதான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியோர் சொன்னது இதைத்தான். மாத முதல் நாள் அத்தொகை வந்து சேர்ந்தபோது மனைவியின் முகத்தில் பழைய இராமகிருஷ்ணபுரத்துச் சம்பள நாள் மீண்டும் தெரிந்தது என்று கணவர் சொல்வதுண்டு.

மூன்றாவது, விதைநெல். உழவர் எவ்வளவு பசித்தாலும் விதைநெல்லைக் குத்த மாட்டார். வாடகை, உணவு, பள்ளி, மருந்து, மின்சாரம் ஆகிய தவிர்க்க முடியாத செலவுகளை மட்டும் கணக்கிட்டு, அதன் ஆறு மடங்கைத் தனியே ஒதுக்க வேண்டும். மாதம் ரூ. 45,000 இன்றியமையாததானால் ரூ. 2,70,000. எங்களுக்கு இது நிரம்ப இரண்டரை ஆண்டு ஆயிற்று. முதலில் ஒரு மாதச் செலவு சேர்ந்தபோதே இரவு விழிப்பு குறையத் தொடங்கியது. ஆகவே, ஆறு மாதத்துக்கு எப்போது சேரும் என்று மலைக்க வேண்டியதில்லை. அடகு வைத்த வளையல்களை மீட்டது எட்டாம் மாதம். முதலில் வளையலா, விதைநெல்லா என்று வாதிட்டோம். ஒரு மாதச் செலவு சேர்ந்தபின் வளையல் என்று முடிவு செய்தவர் மனைவிதான்.

நான்காவது, கேட்க வேண்டியதைக் கேட்பது. நம்மவருக்குப் பணத்தை வாய்விட்டுக் கேட்பதில் ஒரு கூச்சம் உண்டு. ‘பெரிய இடம், கொடுக்காமலா போய்விடுவார்கள்?’ என்று இருந்துவிடுகிறோம். ஆனால் சட்டம் நம் பக்கம் நிற்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. அதன்படி குறு அல்லது சிறு தொழிலாகப் பதிவு பெற்றவரிடம் பொருளோ சேவையோ பெற்றவர், எழுத்துமூலம் உடன்பட்ட நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். அந்தக் கெடுவும் 45 நாளைத் தாண்டலாகாது. எழுத்துமூல உடன்பாடே இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். மாநிலந்தோறும் இதற்கான தீர்வு மன்றம் உண்டு. ‘உத்யம்’ என்னும் இப்பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது, கட்டணம் கிடையாது, இணையத்தில் நாமே செய்துகொள்ளலாம். தனி ஒருவராகச் சேவைத் தொழில் செய்வோரும் பதிவு பெறலாம்.

வழக்காடினால் அடுத்த வேலை வராதே என்ற அச்சம் நியாயமானதே. நாங்களும் மன்றத்துக்குச் சென்றதில்லை. ஆயினும் பட்டியலின் அடியில் பதிவு எண்ணையும் ‘45 நாளுக்குள்’ என்ற வரியையும் சேர்த்தபின், பணம் சற்று முன்னதாகவே வரத் தொடங்கியது. புதிய வாடிக்கையாளரிடம் மூன்றில் ஒரு பங்கை முன்பணமாகக் கேட்கிறோம். நினைவூட்டும் கடிதங்களை மனைவியே எழுதுகிறார். அஞ்சிக்கொண்டு காத்திருந்தவருக்கு ஒரு செயல் கிடைத்தது. செயல் கிடைத்ததும் அச்சத்தின் வேகம் தணிந்தது.

ஐந்தாவது, பேச்சுக்கு ஒரு நேரம். ஞாயிறு காலை, காப்பிக்குப் பின் ஒரு மணி நேரம் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துப் பேசுகிறோம். மற்ற நாள்களில், அதிலும் இரவில், பணப் பேச்சு இல்லை. மனத்தில் எழுந்ததைத் தாளில் குறித்து வைத்தால் போதும். அந்த ஒரு மணி நேரத்தில் கணவருக்கு ஒரு விதி: ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லக் கூடாது. அது ஆறுதல்போல் ஒலிக்கும். ஆனால் வாயை மூடு என்பதே அதன் பொருள். மனைவிக்கும் ஒரு விதி: ‘அப்போதே சொன்னேன்’ என்று தொடங்கக் கூடாது. வராத பணத்தின் செய்தி எதுவாயினும், அறிந்த அன்றே மற்றவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது இருவருக்கும் பொதுவான விதி.

ஆறாவது, எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது, எல்லைக் கோடு. “இப்படியே எத்தனை நாள்? ஒரு வேலைக்குப் போகக் கூடாதா?” என்று மனைவி கேட்டபோதெல்லாம், தம் தொழிலையே இழிவுபடுத்துவதாகக் கணவர் எண்ணினார். பல மாதப் பேச்சுக்குப்பின் ஓர் உடன்பாட்டைக் கைப்பட எழுதினோம். விதைநெல் மூன்று மாதச் செலவுக்குக் கீழே இறங்கினால் கணவர் மாதச் சம்பள வேலை தேட வேண்டும். அதற்கு மேலே இருக்கும்வரை மனைவி அந்தப் பேச்சை எடுக்கலாகாது. பின்னர் ஒரு முறை, கணவரின் தந்தையாருக்கு ஊரில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, கோடு தாண்டிற்று. கணவர் எட்டு மாதம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். விதைநெல் மீண்டும் நிரம்பியபின் தம் தொழிலுக்குத் திரும்பினார். அந்த எட்டு மாதமும் எளிதாகக் கழிந்தன என்று சொல்ல மாட்டோம். ஆனால் எந்தச் சண்டையும் இல்லாமல் கழிந்தன. முன்னரே இருவரும் வகுத்த கோடு என்பதால் ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார் என்ற எண்ணம் எழவில்லை.

வெளியூரில் வாழ்கிற நமக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. அவசரத்துக்குக் கைம்மாற்றுக் கொடுக்க அண்ணன் வீடு அடுத்த தெருவில் இல்லை. கோடை விடுமுறையில் தமிழ்நாடு எக்ஸ்பிரசில் ஊருக்குப் போனால், ‘பையனுக்கு நிரந்தர உத்தியோகமா?’ என்று கேட்போர் பலர். அந்தக் கேள்விக்கு அஞ்சி, கையில் இல்லாத பணத்தில் பரிசுகள் வாங்கிக்கொண்டு போவோம். சென்ற ஆண்டு நாங்கள் பெற்றோரிடம் எங்கள் கணக்கைத் திறந்து காட்டினோம். மாதம் அனுப்பும் தொகை குறைவாக இருந்தாலும் தவறாமல் வரும் என்று சொன்னோம். “இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, அப்பா” என்று மட்டுமே தாயார் கேட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கணக்கு ஒழுங்காகி, கலயம் நிறைந்தபின்பும் அச்சம் நீங்காதிருப்பது உண்டு. நெஞ்சு படபடப்பு, பல வார உறக்கமின்மை, உணவில் வெறுப்பு ஆகியவை தொடர்ந்தால், அது வரவு செலவுப் புத்தகத்தால் தீரும் நோய் அன்று; மருத்துவரை நாட வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். உடல் காய்ச்சலுக்கு மருந்து உண்பதில் நமக்கு வெட்கமில்லை, இதிலும் வேண்டியதில்லை.

நேயர்களே! எங்கள் வருவாய் இன்றும் நிலையற்றதுதான். இவ்வுரையை எழுதும் இந்த வாரமும் இரண்டாம் பத்தியில் மூன்று தொகைகள் காத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்குக் கெடு கடந்து பன்னிரண்டு நாள் ஆயிற்று. அது எங்கள் இருவருக்கும் தெரியும். வரும் ஞாயிறு அதைப் பற்றிப் பேசுவோம்; கடிதமும் எழுதுவோம். இன்றிரவு உறங்குவோம்.